அறுபது கடந்த வீடு

எனக்கு அறுபது ஆனதும்
மாதம் பிறந்தால் ஓய்வூதியம்.
வீட்டுக்கு அறுபது ஆனதும்
ஓர் ஆணியைப் பிடுங்கக்கூட அனுமதிச் சீட்டு.
சட்டம் அப்படி.
படிவத்தின் பின்பக்கம்
பொடி எழுத்தில் இருந்தது.

கிளேர்வுட்டில் மிச்சமிருக்கும் பலகை வீடுகளில்
இதுவும் ஒன்று.
கூரை நெளிதகரம்.
முகப்பில் மரத்தில் அறுத்த பூவேலை,
அதில் மூன்று பூ இல்லை.
இடப்பக்கம் கன்டெய்னர் கிடங்கு.
வலப்பக்கம் டயர்க் கடை.
லாரி திரும்பும்போதெல்லாம்
அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு
ஏதோ பேசிக்கொள்ளும்.

எழுபதுகளில் வந்த கடிதம்
இன்னும் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது:
இது தொழிற்சாலைக்கான இடம், காலி செய்யவும்.
அப்பா போகவில்லை.
ஏன் என்றால்
"அந்த வாரம் எனக்குப் பல்வலி" என்பார்.
அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

இப்போது அதே டப்பாவில்
அரசாங்கத்தின் இன்னொரு கடிதம்:
இது பாரம்பரியக் கட்டடம், இடிக்கக் கூடாது.
இரண்டுக்கும் முதல் வரி ஒன்றுதான்.
அன்புள்ள உரிமையாளருக்கு.

படமெடுக்க வந்தார் ஸிபோங்கிலே ம்கீசே.
விரல் முட்டியால் சுவரைத் தட்டி
ஓரிகன் பைன் என்றார்,
நோயாளியின் முதுகைத் தட்டும் டாக்டர் மாதிரி.
"இப்படி ஒரு ஜன்னல் கொக்கியை நான் பார்த்ததேயில்லை."
அந்தக் கொக்கியில்
எத்தனை முறை என் விரல் நசுங்கியதென்று
நான் சொல்லவில்லை.
கோகியின் சக்கர நாற்காலியைச் சொன்னேன்.
குளியலறைக் கதவு நாலு அங்குலம் போதவில்லை என்றேன்.
நல்ல மனுஷி. உட்கார்ந்து எழுதிக்கொண்டார்.
வரைபடம் மூன்று பிரதி,
அதற்கென்றே படித்த கட்டடக் கலைஞரின் முத்திரை.
முத்திரைக்கு ஆகும் காசில்
ஏழு கதவு வாங்கலாம்.
அதுவரை கோகி
நாற்காலியை வெளியே விட்டுவிட்டு
ஓரிகன் பைனைப் பிடித்துக்கொண்டு
உள்ளே போய் வருகிறாள்.

கிடங்குக்காரன் தயாளன் முனியன்
வேலிக்கு அந்தப்பக்கம் நின்றபடி சொன்னான்:
"அங்கிள், எனக்கு நிலம் போதும்.
கூரையில் ஒரே ஒரு தகரத்தைக் கழற்றி வையுங்கள்.
மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும்.
மழை யாரிடமும் அனுமதி கேட்பதில்லை."

குளிர்சாதனப் பெட்டியின் கதவில்
கோகி ஒட்டி வைத்த படம்:
மாடிக் குடியிருப்பு, லிஃப்ட்,
யானை நுழையும் அகலத்தில் குளியலறை.

அக்டோபரில் ஏணி வைத்தேன்.
பதினொரு திருகாணி.
பத்து சுலபம்.
தகரத்தை நகர்த்தினால், அடியில்
உத்தரத்தில் எவனோ ஒரு தச்சன்
பென்சிலால் கழித்தல் கணக்குப் போட்டிருந்தான்.
விடை தப்பு.
அந்தத் தப்பு அளவில்தான்
நூறு வருஷமாய் நிற்கிறது போல.

ராத்திரி மழை.
முதல் சொட்டு விழுந்ததும்
படுக்கையிலிருந்து கோகி,
"எந்த அறை?"
"சாப்பாட்டறை."
"தயாளன் சொன்ன தகரமா?"
நான் பேசவில்லை.
"சரி, அண்டாவை வை."

அண்டா நிறையும் சத்தத்தை
எவ்வளவு நேரம்தான் கேட்பது.
இரண்டு மணிக்கு நான் கூரைமேல்.
கையில் நீலத் தார்ப்பாய்,
பல்லில் கடித்த டார்ச்.
காற்று தார்ப்பாயைப் பிடுங்க, நான் பிடுங்க,
துறைமுக விளக்குகள் தூரத்தில் கலங்கித் தெரிந்தன.
வீட்டின்மேல் பாசமா என்றால், இல்லை.
விலை படியவில்லையா என்றால், படிந்தது.
பிறகு ஏன் என்று யாராவது கேட்டால் சொல்ல
என்னிடமும் ஒரு பல்வலி இருந்தது,
டார்ச்சைக் கடித்ததில்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம்.
அன்புள்ள உரிமையாளருக்கு,
கூரையில் அனுமதி பெறாத மாற்றம்,
புகைப்படம் இணைப்பு.
"என்னவாம்?" என்றாள் கோகி.
"நீலம் கூடாதாம்."

மடித்து உள்ளே வைத்தேன்.
பிஸ்கட் டப்பா
மூட மாட்டேன் என்கிறது.